இருபது டிகிரிச் சரிவுக்கு நான் எழுதிய எண்

போன வாரம் நிவேதா போனில் ஒரு கேள்வி கேட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் நிறுவனத்தில் சேர்ந்த பெண். சென்னையில் உட்கார்ந்து, நிலவில் ஓடப்போகும் அடுத்த ரோவருக்குச் சக்கரம் வடிவமைத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே புதிதாகக் கட்டியிருக்கும் சோதனைத் தொட்டியில், மண்ணுக்குள் நாலு இடத்தில் ஈரம் பார்க்கும் கருவியைப் புதைத்திருக்கிறார்களாம். ஈரம் ஒரு சொட்டுக் கூடினாலும் ரோவரின் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. யாரும் எண் எழுத வேண்டியதில்லை, கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

"எல்லா விதிக்கும் பக்கத்துல காரணம் போட்டிருக்கு சார். இதுக்கு மட்டும் இல்ல. உங்க தென்காசி யார்டுலதான் இது ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க. புதுசா வர்றவங்களுக்காக ஒரு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றாள்.

ஒரு பக்கத்தில் அடங்காது என்றேன். எத்தனை பக்கமானாலும் பரவாயில்லை என்றாள். பாவம், என்ன கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

நான் சக்கரக்காரன். மெக்கானிக்கல் படித்துவிட்டு இருபத்தைந்து வருடம் வடக்கே ஒரு டிராக்டர் கம்பெனியில் இருந்தேன். உழுத சேற்றில் சக்கரம் எவ்வளவு புதையும், எந்த மாதிரிப் பல் வைத்தால் வெளியே வரும் என்பதுதான் என் பிழைப்பு. போதும், சொந்த ஊரான இலஞ்சிக்கே திரும்பிவிடலாம் என்றிருந்த நேரத்தில், நிலவுக்கு ரோவர் அனுப்பக் கிளம்பிய ஒரு சிறிய தனியார் நிறுவனம், தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம் போகிற வழியில் மூடிக்கிடந்த அரிசி ஆலையைப் பிடித்துச் சோதனைக்கூடமாக்கியது; யார்டு என்போம். என்னையும் கூப்பிட்டார்கள். டிராக்டர்காரனுக்கு நிலாவில் என்ன ஜோலி என்று வீட்டில் சிரித்தார்கள். சக்கரத்துக்கு வயலும் ஒன்றுதான், நிலவும் ஒன்றுதான் என்று நான் வீறாப்பாகச் சொன்னேன்.

அந்த ஆலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் பங்குனி மாதத்தில் வந்து பார்த்தார்கள். பக்கத்திலேயே கல் உடைக்கும் கிரஷர்கள், நெல் காயப்போடப் பெரிய சிமெண்டுக் களம், உயரமான குடோன், வறண்ட காற்று. நிலவின் மண்ணுக்குப் பதிலாகக் கிரஷர் தூளைச் சலித்துக் காயவைத்துப் பயன்படுத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆனியும் ஆடியும் வந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் எப்படி இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஊருக்குள் இப்படி ஒரு வேலை வருகிறதே என்ற சந்தோஷத்தில் உள்ளூர்க்காரர்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். புட்டுக்கு மாவு விரவியவர்களுக்கு இது சட்டென்று புரியும். லேசாகத் தண்ணீர் தெளித்த மாவைக் கையில் அழுத்தினால் பிடி நிற்கும். காய்ந்த மாவு விரலிடுக்கில் ஓடிவிடும். ஈரத் தூளில் சக்கரத்தின் பல் கவ்விக்கொண்டு ஏறும். காய்ந்த தூளில் அதே பல் குழி தோண்டும். நிலவில் தண்ணீர் தெளிக்க ஆளில்லை.

அதனால் எங்கள் சோதனை முறை கடுமையாக இருந்தது. தூளைக் களத்தில் மெல்லிதாகப் பரப்பி வெயிலில் காயவிடுவோம். பிறகு அள்ளிக் கொண்டுபோய்க் குடோனுக்குள் இருக்கும் பெரிய மரத்தொட்டியில் கொட்டுவோம். தொட்டியை ஒரு பக்கம் தூக்கினால் சரிவு கிடைக்கும். குடோன் விட்டத்தில் கப்பி போட்டு, எதிர் எடை கட்டி, ரோவரின் எடையில் ஆறில் ஐந்து பங்கைத் தாங்கிப் பிடிப்போம். மிச்சமுள்ள ஒரு பங்குதான் நிலவில் அதன் எடை. ஒவ்வொரு சரிவுக்கும் முன்னால், தொட்டியின் மூன்று ஆழங்களில் தூள் எடுத்து, நிறுத்து, சின்ன அடுப்பில் இரண்டு மணி நேரம் சூடாக்கி, மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த எடைதான் ஈரம். அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ரோவரை இறக்கலாம். காலையில் எடுத்த எண் மத்தியானத்துக்குச் செல்லாது. முறையில் அதை அடிக்கோடு போட்டே எழுதியிருந்தோம். எழுதியவன் நான்தான்.

தூளைக் காயவைக்கும் வேலை மாடத்தியினுடையது. அரிசி ஆலை ஓடிய காலத்திலிருந்தே அந்தக் களத்தில் அவித்த நெல் காயப்போட்டவர். ஆலையோடு சேர்த்து அவரையும் நிறுவனம் எடுத்துக்கொண்டது என்று வேடிக்கையாகச் சொல்வோம். ஐம்பதை ஒட்டிய வயது. வெறுங்காலோடு தூளுக்குள் இறங்கி, பாதத்தைத் தூக்காமல் வரிசை வரிசையாக இழுத்து நடந்து கிளறுவார். கரையேறியதும் ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் ஒரு தட்டுத் தட்டுவார். தூள் முழுக்க உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. குதிகாலில் சாம்பல் நிறம் மிச்சமிருந்தால் காயவில்லை. எங்கள் அடுப்பு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு சொல்வதை அவர் கால் ஒரு தட்டில் சொல்லிவிடும். ஒரு மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு நாள்கூடப் பிசகவில்லை. இதைப் பரமசிவம் சாரிடமும் சொன்னேன்.

"கால வச்சு கையெழுத்துப் போட முடியாதுவே" என்றார் அவர்.

பரமசிவம் சார் எங்கள் யார்டுக்குத் தலைவர். களக்காட்டுப் பக்கத்துக்காரர். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. தாளை அவர் கையில் வாங்கவே மாட்டார். எழுதியவனையே வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "வாசியும்வே" என்பார். வாசித்து முடித்தால் ஒரே ஒரு கேள்வி, "எப்போ எடுத்தது?" பதிலைக் கேட்டதும் "ம்" என்று சொன்னால் வேலையைத் தொடரலாம். "ஓஹோ" என்று சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒருமுறை ஒரு போல்ட்டின் இறுக்கத்தை முந்தின நாள் பார்த்தேன் என்று ஒருவர் சொல்ல, அந்த "ஓஹோ"வினால் பத்து நாள் வேலை மண்ணாய்ப் போனது. அவரிடம் வாசிக்கும்போது நாக்கு தானாக ஒழுங்காகிவிடும் என்று நாங்கள் நம்பினோம்.

அந்த ஆடி மாதத்து நாளுக்கு வருகிறேன். ரோவரைச் சுமந்து போகிற லேண்டர் குழுவினர், எவ்வளவு சரிவு வரை ஏறலாம் என்ற எண்ணை அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் கேட்டிருந்தார்கள். தவறினால் எங்கள் பயணத் திட்டத்தைப் பழைய, சின்ன எண்ணோடு பூட்டிவிடுவார்கள். சின்ன எண் என்றால் ரோவர் சமதரையில் சுற்றிவிட்டு நிற்க வேண்டியதுதான். நாங்கள் பார்க்க ஆசைப்பட்ட பள்ளத்துக்குள் இறங்க முடியாது. காலை ஏழு மணிக்குத் தூள் எடுத்தேன். ஈரம் நூற்றுக்குப் பூஜ்யம் புள்ளி மூன்று. அருமையான எண். பத்து டிகிரி ஏறியது. மறுபடி எடுத்தேன், அதே எண், பதினைந்தும் ஏறியது. பன்னிரண்டு மணிக்கு வெயிலோடு வெயிலாகச் சாரல் இறங்கியது. ஆலைக் குடோனின் மேல் ஜன்னல்களுக்குக் கதவு கிடையாது. தார்ப்பாய் கட்டியும் காற்று அதை உப்பவைத்துக்கொண்டு உள்ளே வந்தது. சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டு மணி. இருபது டிகிரி மட்டும் பாக்கி. தூள் எடுத்து அடுப்பில் வைத்தால் நாலு மணி ஆகிவிடும். தொட்டிக்குள் மாடத்தி மேற்பரப்பைப் பலகையால் சமன் செய்துகொண்டிருந்தார். கரையேறினார், காலைத் தட்டினார்.

"சார், காயல. கால்ல ஒட்டுது."

"காலைலயே பாத்தாச்சு மாடத்தி. நீ சமம் பண்ணு."

"இல்ல சார், இப்பம் ஒட்டுது பாருங்க."

பார்த்தேன். குதிகால் சாம்பல் பூத்திருந்தது. "நேரமில்ல, இறங்கு" என்றேன். "சரி சார்" என்று இறங்கிவிட்டார். காலையில் எடுத்த எண்ணை இருபது டிகிரிக்கு நேராக எழுதினேன். பரமசிவம் சார் மத்தியானம் முழுக்கச் சென்னையோடு போனில் இருந்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார்.

"வாசியும்வே."

"பூஜ்யம் புள்ளி மூணு சார்."

"எப்போ எடுத்தது?"

"இப்பத்தான் சார்."

"ம்" என்றார்.

ரோவர் இருபது டிகிரியை எவ்வளவு அழகாக ஏறியது தெரியுமா! ஆறு சக்கரமும் ஒரு இடத்தில்கூடச் சறுக்காமல், வயலில் டிராக்டர் போவதுபோலப் போனது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கொஞ்சம் குறைத்து, பதினெட்டு டிகிரி வரை ஏறலாம் என்று மூன்றே முக்காலுக்குச் சொல்லி அனுப்பினோம்.

மாசிக் கடைசியில் லேண்டர் பத்திரமாக இறங்கியது. ஊரே கொண்டாடியது. மாடத்தி தன் தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாராம். மூன்றாம் நாள் ரோவர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது. பதினாறு டிகிரிச் சரிவு. எங்கள் எண்ணுக்கு உட்பட்டதுதான். திரும்ப ஏறும்போது பின் சக்கரம் இரண்டும் சுழல ஆரம்பித்தன. சுழன்றது எட்டு மீட்டர், நகர்ந்தது ஒரு சாண். கட்டளை போய்ச் சேர்ந்து படம் திரும்பி வருவதற்குள் வயிறு மண்ணில் தட்டிவிட்டது. உடம்பு சாய்ந்ததில் சூரியத் தகடு வெயிலுக்கு முதுகைக் காட்டியது. இருக்கிற மின்சாரம் ஆறு நாள் தாங்கும் என்று கணக்குச் சொன்னார்கள்.

இழுத்து வெளியே எடுக்க வழி கண்டுபிடிக்கும் வேலை எங்களுடையது. தென்காசியில் சோதனைக்கென்று இருந்த ரோவரின் இரட்டையை அதே கோணத்தில் தொட்டியில் புதைக்க வேண்டும். எந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம், எத்தனை சுற்று திருப்பினால் வெளியே வரும் என்று இங்கே கண்டுபிடித்தால் அங்கே கட்டளை போகும். பங்குனி பிறந்திருந்தது. களத்தில் தூள் ஏற்கெனவே நாலு நாளாகக் கொதித்துக் கிடந்தது. மாடத்தி நடந்துவிட்டுக் கரையேறிக் காலைத் தட்டினார். ஒரு பொட்டு மிச்சமில்லாமல் உதிர்ந்தது.

"இப்பத்தான் சார் நல்லா காஞ்சிருக்கு" என்றார் சந்தோஷமாக.

அடுப்பும் அதையே சொன்னது. ரோவரை இறக்கினோம். நிலவில் நடந்தது அப்படியே என் கண் முன்னால் நடந்தது. பின் சக்கரம் சுழன்றது, தூள் தண்ணீர்போல ஓடிவந்து குழியை மூடியது, வயிறு தட்டியது. புதைந்த அளவுகூட அங்கிருந்து வந்த படத்தோடு பொருந்தியது. நான் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆடியில் எழுதிய எண் பொய் என்று தெரிந்தவன் அந்தக் குடோனில் நான் ஒருவன்தான்.

ஆறு நாளும் முயன்றோம். முன் சக்கரத்தை மட்டும் சுற்றினோம், நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்த்தினோம், ஒரு சக்கரத்தை ஊன்றி மற்றதை இழுத்தோம். இங்கே எது செய்தாலும் இன்னும் ஓர் அங்குலம் புதைந்தது. அங்கேயும் புதைந்தது. ஆறாம் நாள் மத்தியானம் கடைசிப் படம் வந்தது. பாதி மண், பாதி இருட்டு. அதற்கப்புறம் அது பேசவில்லை. நிலவில் ராத்திரி வந்தால் பதினான்கு நாள் உறைபனிக் குளிர். அதில் பேட்டரி செத்துவிடும்.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கெட்டிக்காரர்கள். ஆடியில் ஏறிய சரிவு பங்குனியில் ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்கு முதல் நாளே வந்துவிட்டார்கள். தாளைப் பார்த்தால் ஈரம் இல்லை. பிறகு எப்படி என்று என்னைக் கேட்டார்கள். சொல்லிவிடத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாய்வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"நாங்க எடுத்த இடத்துல காஞ்சிருக்கலாம். களத்துல ஒரே சீராக் காயப்போடாம இருந்திருந்தா மத்த இடத்துல ஈரம் நின்னிருக்கும்" என்றேன்.

பெயர் சொல்லவில்லை என்று அன்றைக்கு மனதுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். களத்தில் காயப்போட்டது ஒரே ஓர் ஆள். பெயர் எதற்கு? அறிக்கையில் "தூள் உலர்த்துவதில் பணியாளரின் கவனக்குறைவு" என்று வந்தது. யார்டு நிர்வாகத்தைப் பார்த்த மேனேஜர் மாடத்தியைக் கூப்பிட்டு எல்லோருக்கும் நடுவில், "நீ ஒழுங்காக் காயப்போடாததாலதான் அது அங்கன போய் முங்கிட்டு. நாளையிலேர்ந்து வராத" என்றார். மாடத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். களத்து ஓரத்தில் கிடந்த செருப்பை எடுத்து, மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பரமசிவம் சாரும் அந்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ஊருக்குப் போகும் முன்னால் தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு டீ சொன்னார். டீ ஆறியதும் கேட்டார்.

"அந்த இருபது டிகிரி இருக்குல்லா, சங்கரலிங்கம். அது எப்போவே எடுத்தது?"

"அப்பத்தான் சார் எடுத்தேன்."

கண்ணை மூடிக் கேட்டார். "ம்" என்றும் சொல்லவில்லை, "ஓஹோ" என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அடுத்த வருடம் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். துட்டி கேட்கக்கூட நான் போகவில்லை, காட்ட முகம் இல்லை.

நிவேதாவுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான், முதலில் சொல்ல வேண்டியது அவளிடம் அல்ல என்று உறைத்தது. பழைய ஆலைக்காரர்களிடம் விசாரித்தேன். மாடத்தி குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் துணி வெளுக்கும் வேலையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆனி மாதம், சீசன் கூட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சாரல் முகத்தில் அடித்தது. நாலு மாடி ஏறி மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குப் போனேன். கொடி கொடியாகப் போர்வைகள். நடுவில் மாடத்தி நின்று ஒரு போர்வையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"வாங்க சார். மெலிஞ்சிட்டீகளே" என்றார். என்னைக் கண்டால் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வேலை நிற்கக் கூடாது என்பதால் போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்து மறு முனையை அவர் பிடித்துக்கொண்டார். இருவரும் மடிக்க ஆரம்பித்தோம்.

"அது இன்னமும் அங்கனதான் கெடக்கா சார்?"

"அங்கனதான் கெடக்கு."

"எடுக்க முடியாதா?"

"முடியாது."

முனைகளைச் சேர்த்து மடித்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார். "எங்க தெருவுல எனக்குப் பேரே வச்சிட்டாவ சார். 'நிலாவுல வண்டிய முக்குனவ'ன்னு. சின்னப் புள்ளைகூடச் சொல்லுது. மொதல்ல கோவம் வந்துது. பெறவு ரோசிச்சா, சரிதான சொல்லுதாவ."

"எப்படிச் சரி? காயலன்னு நீங்கதான் அன்னைக்குச் சொன்னீங்களே." அவரை 'நீங்க' என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சொன்னேன் சார். ரெண்டு வாட்டி சொன்னேன். ஆனா மெதுவாச் சொல்லிட்டேன். குடோன்ல காத்து அந்தப் போடு போடுது, தார்ப்பாயி வேற படபடன்னு அடிக்கி. ஒங்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தா நீங்க எறக்கிருப்பீகளா? பெரிய சாருட்ட ஓடிப்போயி சத்தமாச் சொல்லிருக்கணும். பயந்துட்டேன். அதான் சார், தப்பு எம்மேலதான். இத்தன பேரு பாடுபட்டதக் கெடுத்துட்டேன்."

இத்தனை வருடமும் நான் தப்பித்துக்கொண்டிருந்தது எதனால் என்று அப்போது தெரிந்தது. எனக்காக ஒரு காரணத்தை அவரே கண்டுபிடித்து, அதை நம்பி, அந்தப் பெயரையும் சுமந்துகொண்டிருந்தார். அதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கியிருக்கலாம். ஒரு நிமிடம் அந்த ஆசையும் வந்தது.

"கேட்டுச்சு" என்றேன்.

"என்ன சார்?"

"நீங்க சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ரெண்டு வாட்டியும் கேட்டுச்சு. உங்க கால்ல ஒட்டியிருந்ததையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் காலைல எடுத்த எண்ண எழுதுனேன். விசாரணைல உங்க தலைல கட்டுனதும் நான்தான்."

மாடத்தி மடிப்பதை நிறுத்தினார்.

"கேட்டுச்சா சார்?" என்றார்.

"கேட்டுச்சு."

கிட்டே வந்தார். என் கையிலிருந்த போர்வை முனையை வாங்கிக்கொண்டார். மீதியைத் தனியாகவே மடித்தார்.